வீட்டிலிருந்தே செய்யும் உத்தியோகம்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம், வீட்டை விட்டு வெளியே செல்லாமல், இணையத்தின் வழியாகத் தூரத்திலுள்ள நிறுவனங்களுக்கு வேலை செய்து ஊதியம் பெறுவது எங்ஙனம் என்பதாகும். இஃதொரு புதுமோகப் பேச்சென்று சிலர் கருதக்கூடும். அங்ஙனம் கருதுவோர் தத்தம் வீட்டையும் அடுத்த வீட்டையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்பாராக. பட்டம் பெற்று, சில வருஷங்கள் உத்தியோகமும் பார்த்து, விவாகத்திற்குப் பின்னோ மகப்பேற்றிற்குப் பின்னோ அதனை விட்டுவிட்ட பெண்மக்கள் நம்மிடையே அநேகர். நோயுற்ற தாய் தந்தையரைப் பேணும் கடமையால் ஊரைவிட்டு அசைய முடியாத இளைஞரும் உளர். உடற்குறை காரணமாகத் தினந்தோறும் பேருந்தேறி இறங்க இயலாதாரும் உளர். இவர்கள் கல்வியிற் குறைந்தவரல்லர், உழைப்பிற்கு அஞ்சுபவருமல்லர். வேலை இருக்குமிடத்திற்கு இவர்களாற் போகக் கூடவில்லை என்பதே குறை. வேலை இவர்கள் இருக்குமிடத்திற்கு வருமாயின் அக்குறை தீரும்.

மற்றொரு காரணமும் உண்டு. இத்தகைய வேலை வேண்டும் என்னும் ஆவலையே தூண்டிலாகக் கொண்டு, வஞ்சகர் கூட்டமொன்று நம் நாடெங்கும் குடும்பங்களின் சேமிப்பைப் பறித்து வருகின்றது. மகளின் விவாகத்திற்கென வைத்திருந்த பணமும் இவ்வாறு போவதுண்டு. போனபின் வெட்கத்தால் வாய் திறவாதிருப்போரே மிகுதி. ஆகவே இது நம் சங்கம் கூடிச் சிந்திக்க வேண்டிய காரியமேயாகும்.

முதற்கண் ஒன்றை நினைவிற் கொள்வோம். வீட்டிலிருந்து தொழில் செய்தல் நெசவை மரபுத் தொழிலாகக் கொண்ட நம்மவர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரம், ஆரணி, சென்னிமலை முதலிய ஊர்களில் நெசவாளர்க்கு வீடு வேறு தொழிற்சாலை வேறு என்பது இருந்ததில்லை. கூடத்திலே குழித்தறி, தெருவிலே பாவு தோய்த்தல், தாழ்வாரத்திலே தார் சுற்றுதல். தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மற்றொரு கையால் தார் சுற்றிய பாட்டிமார் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தனர்.

அவ்வாழ்வில் இரண்டு நோய்களும் இருந்தன. நூல் கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளியின் முன் ஒவ்வொரு நெசவாளரும் தனித்தே நின்றார். சேலை எந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றது என்பது அவர்க்குத் தெரியாது. கலியாணத்திற்கும் கருமாதிக்கும் வாங்கிய முன்பணம் அவரை அந்த முதலாளியோடே கட்டிப்போட்டது. ஆகவே கூலி எவ்வளவு என்பதை மற்றவரே நிர்ணயித்தனர். இது முதல் நோய். சேலைக்கு இவ்வளவு என்று ஆடவர் கையில் கூலி கொடுக்கப்பட்டமையால், தார் சுற்றியும் பாவுக்கு உதவியும் பாதி உழைத்த பெண்ணின் வேலை கணக்கிலேயே ஏறாது போயிற்று. இஃது இரண்டாவது நோய்.

முதல் நோய்க்கு மருந்தாக வந்ததே கூட்டுறவு. 1904ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. 1935ஆம் வருஷத்தில், இன்று கோ-ஆப்டெக்ஸ் என நாம் வழங்கும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் சென்னை மாகாணத்தில் தோன்றியது. தறி அவரவர் வீட்டிலேயே இருந்தது. நூல் வாங்குதலும் சரக்கு விற்றலும் பொதுவாயின. தனியே இருந்து உழைக்கலாம், ஆனால் தனியே நின்று பேரம் பேசலாகாது என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். கணினி முன் அமர்ந்து செய்யும் வீட்டு வேலைக்கும் இப்பாடம் பொருந்தும் என்பதே இன்று நாம் சொல்ல வந்ததன் சாரம்.

இனிப் பிற நாட்டு வரலாற்றையும் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி என்னும் அம்மையார் 1962ஆம் வருஷம் ஆறு பவுன் முதலுடன் ஒரு கம்பெனி தொடங்கினார். கணினிக்குரிய நிரல்களை எழுதித் தருவதே அதன் தொழில். குழந்தைகளை வளர்க்கும்பொருட்டு உத்தியோகத்தை விட்ட பெண்களையே தேடி அமர்த்தி, அவர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார். அந்நாளில் வீட்டிற் கணினி ஏது? காகிதத்திற் பென்சில் கொண்டு எழுதி அனுப்பினர். முதல் 300 ஊழியரில் ஆடவர் மூவரே. பெண்ணின் கையெழுத்திட்ட கடிதங்களுக்கு விடை வாராமை கண்டு, அம்மையார் ஸ்டீவ் என்று ஆண்பெயராற் கையெழுத்திடலானார், விடைகளும் வரலாயின. தொலைபேசியில் வியாபாரம் பேசும்போது குழந்தையின் அழுகை கேளாதிருக்கத் தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறார். அத்தகைய பெண்கள் வீட்டிலிருந்து எழுதிய நிரல் கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கும் பயன்பட்டது. பிற்காலத்தில் அவர் தம் கம்பெனியின் பங்குகளை ஊழியர்க்கே பகிர்ந்தளித்தார். வீட்டிலிருந்து செய்யும் வேலை தரங்குறைந்த வேலை என்பார்க்கு இதுவே விடை.

நம் பாரத நாட்டிலும் உதாரணம் உண்டு. 1959ஆம் வருஷம் பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு மாதர் கூடி 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் பாப்பட் என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. மாவு பொதுவிடத்திற் பிசையப்படும். அப்பளம் அவரவர் வீட்டில் இடப்படும். மறுநாள் தரம் பார்த்து வாங்கிக் கூலி கொடுக்கப்படும். உழைப்போரே உடைமையாளர். அங்கும் வேலை தனித்தனி வீட்டில் நடந்தது; பேரமும் கணக்கும் கூட்டாக நடந்தன.

2020ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கொள்ளைநோயின் பொருட்டு நாடு முழுதும் அடைபட்டபோது, அலுவலகங்கள் சில தினங்களுக்குள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லும்படி ஆயிற்று. ஆகாதென்று அதுகாறும் சொல்லப்பட்டது ஆயிற்று. அதன் பின்னர்ப் பல கம்பெனிகள் ஊழியரைத் திரும்ப அழைத்துக்கொண்டன. சில, வாரத்தில் சில நாள் வீடு சில நாள் அலுவலகம் என வகுத்தன. சில முழுதும் வீட்டு வேலையாகவே விட்டன. ஆகையால் வாய்ப்பு உண்டு. ஆனால் எல்லார்க்கும் எளிதிற் கிட்டுவதன்று. இரண்டையும் மனத்திற் கொண்டே தேட வேண்டும்.

இத்தகைய வேலையின் நன்மை தீமைகளைச் சோதித்துப் பார்த்தவரும் உளர். சீன தேசத்து ஷாங்காய் நகரிலுள்ள சீ-ட்ரிப் என்னும் பிரயாணக் கம்பெனியில், தொலைபேசியில் விடை கூறும் ஊழியருள் விரும்பி முன்வந்தோரைப் பிறந்த தேதி இரட்டைப்படையா ஒற்றைப்படையா எனப் பார்த்து இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும், மற்றவர் அலுவலகத்திலும் ஒன்பது மாதம் வேலை செய்தனர். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் நிக்கோலாஸ் புளூமும் பிறரும் 2015இல் வெளியிட்ட இவ்வாராய்ச்சியின்படி, வீட்டிலிருந்தோரின் வேலை 13 விழுக்காடு மிகுந்தது. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது. ஆயினும் அவர்கள் செய்த வேலைக்குத் தக்க பதவி உயர்வு கிடைத்திலது. கண்ணிற் படாதவர் கருத்திலும் படாது போயினர். தனிமை தாளாது பலர் சோதனை முடிந்தபின் அலுவலகத்திற்கே மீண்டனர். இன்னொரு செய்தி நம் குடும்பத்தார் கவனிக்கத்தக்கது: வீட்டில் வேலை செய்யத் தனியறை உடையவரையே அச்சோதனையிற் சேர்த்துக்கொண்டனர். இதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைகள் யாவை? கணக்கெழுதுதல் முதலாவது. டேலி முதலிய கணக்கு முறைகளை நன்கறிந்தோர், சிறு வியாபாரிகளுக்கு மாதந்தோறும் கணக்கு முடித்து, ஜி.எஸ்.டி. விவரங்களைத் தாக்கல் செய்து தரலாம். ஒருவர்க்கே ஐந்தாறு கடைகளின் கணக்குக் கிடைக்குமாயின் அது நிலையான வரவாகும். மருத்துவக் குறியீட்டெழுத்து இரண்டாவது. அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டுப் பணம் பெறுதற்குரிய குறியீட்டு எண்களை இடும் வேலை இது. உயிரியலும் மருந்தியலும் பயின்றோர்க்கு ஏற்றது. சென்னையில் இத்தொழில் பரவியுள்ளது. ஆயினும் முதலில் அலுவலகத்திற் பழகியவர்க்கே பெரும்பாலும் வீட்டு வேலை தருவர். பாடம் சொல்லிக்கொடுத்தல், மொழிபெயர்த்தல், மெய்ப்புத் திருத்துதல், புத்தகப் பக்கம் அமைத்தல், படங்களுக்குக் கீழ்வரி எழுதுதல், மென்பொருள் எழுதுதலும் சோதித்தலும், வாடிக்கையாளர்க்கு விடையளித்தல் ஆகியவை ஏனையவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இருப்பதைப் பார்த்து அப்படியே தட்டச்சுச் செய்யும் வேலையை இன்று இயந்திரமே செய்கின்றது. அச்சுப் பக்கத்தைப் படித்து எழுத்தாக்கும் கருவிகள் மலிந்துவிட்டன. மொழிபெயர்ப்பிலும் இயந்திரம் செய்ததைத் திருத்தித் தருமாறு கேட்போர் பெருகி வருகின்றனர். ஆதலால் வெறுங் கைவேகம் இனிச் சோறு போடாது. எது பிழை என்று கண்டறியும் அறிவுக்கே விலை. கணக்கிற் பிழை காண்பவர், மொழியிற் பிழை காண்பவர், மாணவனின் மனத்தில் எங்கே சிக்கல் என்று காண்பவர் ஆகியோர்க்கு வேலை இருக்கும். எனவே தேடுவதற்கு முன் ஆறு மாதம் ஒரு திறமையைக் கூர்மைப்படுத்துதல், ஆறு மாதம் வெறுமனே விண்ணப்பம் அனுப்புதலினும் நன்று.

வேலையைத் தேடுவதற்கு மூன்று வாயில்கள் உள. முதல் வாயிலைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். அது, நம்மை முன்னரே அறிந்தவரிடம் கேட்டல். உத்தியோகத்தை விட்ட பெண்ணின் திறமையை அவருடைய பழைய மேலதிகாரி அறிவார். தற்போது உத்தியோகத்தில் இருப்போர் அதனை விடுவதற்கு முன், மூன்று மாதம் சோதனையாக வீட்டிலிருந்து செய்யட்டுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். எந்த வேலைகளை வீட்டிலிருந்தே முடிக்கலாம், எந்நேரத்தில் தொலைபேசியிற் கிடைப்போம், வேலை முடிந்ததை எங்ஙனம் காட்டுவோம் என மூன்றையும் அக்கடிதத்திற் குறிக்க வேண்டும். மகப்பேற்று விடுப்பு முடிந்தபின், வேலையின் இயல்பு இடந்தருமாயின், முதலாளியும் பெண்ணும் ஒத்துக்கொண்ட நிபந்தனைப்படி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்னும் விதி 2017ஆம் வருஷத்துத் திருத்தத்தால் மகப்பேறு நலச் சட்டத்திற் சேர்ந்தது. 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. இது கட்டாயப்படுத்தும் உரிமையன்று. ஆயினும் கேட்பவர்க்கு ஓர் ஊன்றுகோல். கேளாமலே ராஜிநாமாக் கொடுப்பது விவேகமாகாது.

இரண்டாவது வாயில் நம் ஊரும் சுற்றமும். ஜவுளிக் கடை, அரிசி ஆலை, மருந்துக் கடை, பள்ளிக்கூடம் ஆகிய யாவற்றிற்கும் கணக்கும் கடிதமும் விளம்பரமும் வேண்டும். வெளிநாட்டு வேலையையே கனவு கண்டு உள்ளூர் வேலையை இகழ்தல் கூடாது. இரண்டு வருஷம் உள்ளூர்க் கணக்கெழுதிய அனுபவமே வெளியூர்க் கம்பெனிக்கு நாம் காட்டும் நற்சான்றாகும்.

மூன்றாவது வாயில் இணையத்தில் வேலைகளை அறிவிக்கும் தளங்கள். லிங்க்ட்இன், நவ்க்ரி முதலியவற்றில் வீட்டிலிருந்து செய்யும் வேலைகளை மட்டும் பிரித்துக் காணலாம். மத்திய தொழிலாளர் அமைச்சு 2015இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்க்குத் திறன் பயிற்சி தருகின்றது. தனித்தனி வேலையாக எடுத்துச் செய்வோர்க்கு அப்வொர்க் போன்ற சந்தைகள் உள. அவை நம் கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். உலகெங்குமிருந்து போட்டியாளர் வருவர். தொடக்கத்திற் கூலி குறைவாகவே கிட்டும். எந்தத் தளத்தில் அறிவிப்பைக் கண்டாலும், அக்கம்பெனியின் சொந்த இணையப் பக்கத்திற்குச் சென்று அவ்வேலை அங்கும் அறிவிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பற்றி ஒரு சொல். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதால் பிரயோஜனமில்லை. பத்துப் பேருக்கு, அவரவர் அறிவித்த வேலையைப் படித்து, அதற்கு நாம் எங்ஙனம் பொருந்துவோம் என்பதை அரைப் பக்கத்தில் எழுதினால் போதும். சான்றிதழ்களைவிடச் செய்து காட்டிய வேலையே பேசும். மொழிபெயர்ப்பவர் இரண்டு பக்கம் மொழிபெயர்த்தும், கணக்கர் கற்பனைக் கடையொன்றின் ஒரு மாதக் கணக்கை முடித்தும், ஆசிரியர் பத்து நிமிஷப் பாடத்தைப் பதிவு செய்தும் இணைக்கலாம். இடையில் சில வருஷம் வேலை செய்யாதிருந்ததை மறைக்க வேண்டா. குழந்தையை வளர்த்தோம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அதன் பின் கற்றதைச் சொல்லலாம். அதில் வெட்கப்படுதற்கு யாதொன்றும் இல்லை.

இனி வஞ்சகரின் வழிகளைக் கூறுவோம்; சகோதரிகள் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டும். வேலை கொடுப்பவர் பணம் கொடுப்பார். வேலை செய்பவர் பணம் கொடார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கணினிக்கு ஈட்டுத்தொகை என எப்பெயரால் முன்பணம் கேட்பினும் அது வேலையன்று, வலை. இவ்வொரு விதியை மனத்தில் நிறுத்தினால் பெரும்பாலான மோசடிகள் விலகும்.

வலைகளின் வகை மூன்று. முதல் வகையில், விவரங்களை எழுதித் தந்தால் இத்தனை ஆயிரம் என்று அறிவித்து, இணையத்திலே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவர். வேலையை முடித்தபின், பிழை மிகுதி என்று சொல்லிக் கூலியை மறுப்பர். பின்னர் வக்கீல் அறிவிப்பென்று ஒன்று வரும். அபராதம் செலுத்தாவிடில் போலீசார் வருவர் என்று மிரட்டுவர். அஞ்ச வேண்டா. ஒப்பந்தப்படி வேலையை முடியாமை உரிமையியல் விவகாரமேயன்றிக் குற்றமன்று. அதன்பொருட்டுக் கைது செய்ய வாரார். டிஜிட்டல் கைது என்று தொலைபேசியில் மிரட்டப்படுவதும் சட்டத்தில் இல்லாத ஒன்று. இரண்டாம் வகையில், டெலிகிராம் முதலிய செய்திச் செயலிகளின் வழியாகச் சில படங்களை விரும்பியதாகக் குறித்தால் ஐம்பது நூறு என்று உண்மையிலேயே பணம் தருவர். நம்பிக்கை பிறந்தபின், ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு என்பர். பின்னர்ப் பல்லாயிரம் கட்டச் சொல்வர். கட்டிய பணத்தை மீட்க மேலும் கட்டச் சொல்வர். மூன்றாம் வகை மிகக் கொடியது. உமது வங்கிக் கணக்கிற்குப் பணம் வரும், அதனை இன்னார்க்கு அனுப்பினால் உமக்குத் தரகு உண்டு என்பர். அப்பணம் பிறரிடம் திருடியது. இதற்கு உடன்பட்டால் கணக்கு முடக்கப்படுவதோடு, நாமே குற்றவாளியாக நிற்க நேரும்.

இவ்வலையில் எவரேனும் விழுந்துவிட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் பதிவுத் தளத்திலும் புகார் எழுதலாம். பணம் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குத் தாவுவதற்குள் நிறுத்த முயல்வதால், ஒவ்வொரு நாழிகையும் முக்கியம். வெட்கத்தால் இரண்டு நாள் மறைப்பதே வஞ்சகர்க்கு நாம் செய்யும் பேருதவி. வீட்டாரும், ஏமாந்த பெண்ணை முதலில் வைதுவிட்டுப் பின்னர்ப் புகார் எழுதலாம் என்றிருத்தலாகாது. வைதால் அடுத்த முறை அவள் சொல்லவே மாட்டாள்.

நல்ல வேலை கிடைத்த பின்னரும் கவனிக்க வேண்டியவை சில உள. நாம் அக்கம்பெனியின் ஊழியரா, அன்றி ஒப்பந்தத்தில் வேலை எடுத்துச் செய்பவரா என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஊழியராயின் விதிகளுக்குட்பட்டு வருங்கால வைப்புநிதி, விடுப்பு முதலியன உண்டு. ஒப்பந்தக்காரராயின் இவை இல்லை. அவ்விழப்பிற்கு ஈடாகக் கூலியைக் கூட்டிக் கேட்க வேண்டும். மின்சாரம், இணையம், கணினியின் தேய்மானம் ஆகியவை யார் செலவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தறி நம்முடையது, நூல் முதலாளியுடையது என்று அக்காலத்தில் இருந்தது போலவே இதுவும். தொழில்முறைக் கட்டணத்தில் வருமான வரிக்காக வழக்கமாய் 10 விழுக்காடு முன்கூட்டியே பிடிப்பர். பான் எண் கொடாவிடில் 20 விழுக்காடு பிடிப்பர். வரி கட்டும் அளவு வரவு இல்லாதோர் கணக்குத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்பப் பெறலாம். ஆண்டு வரவு 20 லட்சத்திற்குட்பட்ட சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமன்று.

வீட்டில் உழைப்போரும் தொழிலாளரே என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டதுண்டு. 1966ஆம் வருஷத்துப் பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டம், திருநெல்வேலிச் சீமையிற் போல வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களையும் தொழிலாளர் கணக்கிற் சேர்த்தது. 1996இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் நிறைவேற்றிய 177ஆம் எண் உடன்படிக்கை, வீட்டில் உழைப்போரை மற்றத் தொழிலாளரோடு சமமாக நடத்த வேண்டும் என்கின்றது. சட்டம் ஒப்புக்கொண்டதை நம் வீட்டார் ஒப்புக்கொள்கின்றனரா என்பதே கேள்வி.

இதனால் நாம் முன் சொன்ன இரண்டாவது நோய்க்கு வருகின்றோம். வீட்டில்தானே இருக்கிறாள் என்னும் சொல்லே அந்நோயின் அடையாளம். மகன் வீட்டிலிருந்து வேலை செய்தால் கதவைச் சாத்தி, காப்பி கொண்டு கொடுக்கின்றோம். மருமகள் அதே வேலையைச் செய்தால், இடையில் எழுந்து குக்கரை இறக்கு, வந்தவர்க்கு இலை போடு என்கின்றோம். ஒரு கண் கணினியிலும் மறுகண் அடுப்பிலுமாக எந்த வேலையும் உருப்படாது. நம் வீடுகளில் அனைவர்க்கும் தனியறை இராது. ஆயினும் ஒரு மூலையும் ஒரு மேசையும், நாளில் நான்கு மணி நேரம் எவரும் அழையாதிருக்கும் கட்டுப்பாடும் தரக் கூடாதா? மாமியார் குழந்தையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வதும், கணவர் மாலைச் சமையலை ஏற்பதும், அவ்வருவாயில் அவர்களுடைய பங்கு என்று கொள்க. அவ்வூதியமும் அப்பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே சேர வேண்டும். பாட்டியின் தார் சுற்றிய கூலி கணக்கில் ஏறாதது போலப் பேத்தியின் கூலியும் ஏறாது போகலாகாது.

வேலை செய்வோரும் தமக்குச் சில நியமங்களை வகுத்துக்கொள்ள வேண்டும். தொடங்கும் நேரமும் முடிக்கும் நேரமும் குறித்தல், ஒவ்வொரு மாலையும் செய்து முடித்ததை மேலதிகாரிக்கு நான்கு வரியில் எழுதுதல், வாரம் ஒரு முறையேனும் உடன் பணிபுரிவோருடன் பேசுதல் ஆகியவை அவை. கண்ணிற் படாதவர் கருத்திலும் படார் என்பதைச் சீன தேசத்துச் சோதனையிற் கண்டோம். வீட்டு வேலையில் திறமையோடு, திறமையைத் தெரியச்செய்தலும் கடமையின் ஒரு பகுதியே.

இனி நம் சங்கம் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, நம் குடும்பங்களில் இன்னார்க்கு இன்ன திறமை உண்டு, இவ்வளவு நேரம் உண்டு எனக் குறிக்கும் ஒரு பதிவேடு. நம்மவருள் கடை வைத்திருப்போரும் கம்பெனி நடத்துவோரும் கணக்கருக்கும் எழுத்தருக்கும் வெளியிலே தேடுகின்றனர். அதே தெருவில் அவ்வேலை அறிந்த பெண் வேலையின்றி இருக்கிறாள். இருவரையும் சேர்த்துவைப்பதற்குப் பதிவேடு போதும். இரண்டாவது, ஒரு கணக்கர், ஒரு வக்கீல், கணினித் துறையினர் ஒருவர் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு. எவர்க்கு எந்த வேலை அழைப்பு வந்தாலும் கையெழுத்திடுமுன் அக்குழுவிடம் காட்டலாம்; அவர்கள் இரண்டு தினங்களில் அது மெய்யா பொய்யா என ஆராய்ந்து சொல்ல வேண்டும். பொய்யென்று கண்டவற்றை, ஏமாந்தவர் பெயரை வெளியிடாமல், இப்பத்திரிகையில் மாதந்தோறும் எச்சரிக்கையாக அச்சிட வேண்டும். மூன்றாவது, சங்கக் கட்டிடத்து வாசகசாலையில் ஓர் அறையைப் பகற்பொழுதில் வேலைக்கென ஒதுக்கி, இணையமும் தடையில்லா மின்சாரமும் அமைத்தல். வீட்டில் மூலை இல்லாதவர்க்கு அது மூலையாகும். தனிமை தாளாதவர்க்கு அது துணையாகும். நான்காவது, கூலி விவரத்தைப் பகிர்தல். எந்த வேலைக்கு எவர் எவ்வளவு பெறுகின்றார் என்பது ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தால், குறைத்துக் கேட்பவர்க்கு நாம் இணங்க மாட்டோம். சேலை விலை தெரியாமல் கூலி பேசிய காலம் மீண்டும் வரலாகாது.

இவை யாவற்றிற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு பதிவேடும், மூவர் நேரமும், ஓர் அறையும் போதும். அடுத்த மாதக் கூட்டத்திற்கு முன் பதிவேட்டில் தம் பெயரையும் திறமையையும் எழுத விரும்புவோர் காரியதரிசியிடம் தெரிவிப்பார்களாக. ஆட்கள் தேவைப்படும் வியாபாரிகளும் அவ்வாறே தெரிவிப்பார்களாக. வேலை தேடும் பெண்ணின் பெயரை எழுதுவது அவமானம் என்று எந்தத் தகப்பனாரும் மாமனாரும் எண்ண வேண்டா. கற்ற கல்வி வீட்டுக்குள்ளே பயனற்று மடங்கிப் போவதே வருந்தத்தக்கது.